மூன்று அங்குலம் தூக்கிய ஜீப்

என் மகள் பிறந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பே வந்ததில்லை. என் மாமியார் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், ஒருமுறை கேஸ் அடுப்பு பார்க்க வந்தவர் வரைக்கும் அவர் வாயால் கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதால் மறுக்கவும் முடியாது. ஆனால் அவர் கதையைப் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். நான் நான்கு மாதம் முன்னாலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது முழுதாகத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை. ஒவ்வொரு நட்டும் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை வகுப்பும் எடுப்பேன். நட்டு தளர்ந்தால் என்னென்ன விபரீதம் நடக்கும் என்பதுதான் வகுப்பின் தலைப்பு. (சிரிக்க வேண்டாம். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.)

அந்த வருஷம் ஆடி மாதத்தில் பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். வாங்கின மூன்றாம் நாளே அது எனக்குக் குள்ளமாகத் தெரிய ஆரம்பித்தது. காரணம், நான் பார்த்துக்கொண்டிருந்த வீடியோக்கள். அதில் வரும் ஜீப்புகள் எல்லாம் யானை மாதிரி நின்றன. பாறை மேல் ஏறின, ஆற்றில் இறங்கின, ஓட்டுகிறவர் தாடியை நீவிக்கொண்டார். எனக்குத் தாடி சரியாக வளராது. ஜீப்பையாவது வளர்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அதற்கு முந்தின வருஷ மழைக்கு மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜீப் வாங்கிய சமயத்தில் என் மனைவி மலர் கர்ப்பமாக இருந்தாள். கார்த்திகையில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்த்திகை என்றால் மழை, மழை என்றால் வெள்ளம், வெள்ளம் என்றால் உயரமான வண்டி. "உனக்காகத்தான் மலர்" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

வண்டியைத் தூக்குவதில் எத்தனை கட்சிகள் இருக்கின்றன என்பது அதில் இறங்கினவனுக்குத்தான் தெரியும். ஒன்றரை அங்குலம் போதும் என்பது ஒரு கட்சி. மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் ஆண்மகனே இல்லை என்பது இன்னொரு கட்சி. பழைய ஸ்ப்ரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கலாம். அல்லது ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றி முழு செட்டாகப் போடலாம். அடுத்தது ஸ்பேசர். வண்டி உயர்ந்தால் திருப்பத்தில் கவிழப் பார்க்கும். அதனால் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பார்கள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற, இரண்டு விரல் தடிமனுள்ள அலுமினிய வட்டுக்குத்தான் ஸ்பேசர் என்று பெயர். அதில் உருக்கி வார்த்தது, அடித்துச் செய்தது என்று இரண்டு ஜாதி. இதையெல்லாம் பதினாறு பத்தி வைத்து கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். அட்டவணைக்கு வண்ணமும் தீட்டினேன். ஒருநாள் மலர் பின்னாலிருந்து அதை எட்டிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற பைக்கு ஒரு லிஸ்ட் போடச் சொல்லி ரெண்டு வாரம் ஆச்சுங்க" என்றாள்.

போடுகிறேன் என்றேன். போடவில்லை.

கடைசியில் மூன்று அங்குல முழு செட்டும், அடித்துச் செய்த நல்ல ஸ்பேசர் நாலும், பெரிய டயர் நாலும் வாங்கினேன். பாகங்களைத் தேர்ந்தெடுத்ததில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பூந்தமல்லியில் காதர் பாய் என்று ஒரு மெக்கானிக். கனமான ஆள், மெல்லப் பேசுவார். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பொருள் நல்ல பொருள்தான் என்றார். பிறகு என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நைனா, நீ எந்த மலைக்குப் போற?"

"அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பாய்."

பாய் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாளில் வேலையை முடித்தார். மூன்று அங்குலம்தான் என்றாலும் பெரிய டயரும் சேர்ந்துகொண்டதில் ஜீப் பக்கத்துக் கடைப் பலகையை உரசிக்கொண்டு நின்றது. சாவியைக் கொடுக்கும்போது என்னைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

"இதுல ரெண்டு செட்டு நட்டு கீது. ஸ்பேசர அச்சோட புடிக்கிறது உள்ள கீற செட்டு. வீல ஸ்பேசரோட புடிக்கிறது வெளிய கீற செட்டு. உன் கண்ணுக்கு வெளி செட்டு மட்டுந்தான் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓட்டிகினு வா. நாலு வீலையும் கயட்டி உள்ள கீறத மறுபடி முறுக்கணும். மறந்துடாத."

எனக்குச் சுருக்கென்றது. நட்டைப் பற்றி எனக்கே பாடமா? என் வேலையைப் பற்றி, வகுப்பைப் பற்றி, சிவப்பு ஸ்டிக்கர் பற்றி எல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப சரி" என்றார்.

நூறு கிலோமீட்டர் ஒரே வாரத்தில் ஓடிவிட்டது. டீ வாங்கக்கூட ஜீப்பில்தான் போனேன். சாலையில் எல்லாரும் என்னையே பார்ப்பதாக நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை போகலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மலரைப் பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மழையின் மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு அத்தையிடமிருந்து போன். அத்தை என்றால் மலரின் அம்மா. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார்.

"மாப்ளே, பதறாம கேளுங்க. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பதறாமல் கேட்கச் சொன்னதுமே பதறிவிட்டேன். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்ததை மறைக்க மாட்டேன். ஊரெல்லாம் தண்ணீர், வாசலில் என் ஜீப். இந்த ஒரு நாளுக்காகத்தானே இவ்வளவும்?

"ஆம்புலன்ஸ் வேண்டாம் அத்தை. நம்ம வண்டி இருக்கு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பின்னாளில் கேட்ட மன்னிப்புகளை வரிசையாக வைத்தால் ஆவடியிலிருந்து அரக்கோணம் வரை போகும்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் கார்கள் ஓரம் கட்டி நின்றன. நான் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனேன். ஆவடியைத் தாண்டும்போது பின்பக்கம் இடது சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வீட்டு வாசலில் என் திட்டத்தின் மேல் முதல் இடி விழுந்தது. மலரால் ஜீப்பில் ஏற முடியவில்லை. கால் வைக்கும் படியே அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தது. நாலு மாதம் ஆராய்ச்சி செய்து, அந்தப் பதினாறு பத்தியில், நிறைமாதக் கர்ப்பிணி எப்படி ஏறுவாள் என்று ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவில்லை. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதன் கால்கள் சேற்றில் இறங்கின. அதற்குள் மலருக்கு வலி வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அந்த ஒரு நிமிஷம் மழைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வலி தணிந்ததும், பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் மனைவியும் வந்து, பீரோவை மாடிக்கு ஏற்றுவது போல அவளைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் தாவி ஏறினார்.

மலரின் பேரைப் பதிந்துவைத்திருந்த ஆஸ்பத்திரி அம்பத்தூரில் இருந்தது. வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்.

ஆவடிக்குள் வருவதற்குள் டக் டக் என்பது தடக் தடக் என்று ஆகியிருந்தது.

"மாப்ளே, பின்னால என்னமோ அடிக்குது" என்றார் அத்தை.

தண்ணீர் இல்லாத ஒரு மேட்டில் நிறுத்தினேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, இடது பின் சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் பாறை மாதிரி இருந்தன. மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"எல்லாம் டைட்டா இருக்கு. செக் பண்ணிட்டேன்" என்று என் வகுப்புக் குரலில் அறிவித்தேன்.

"அப்ப சத்தம் எங்கேருந்து வருது?" என்றாள் மலர்.

"ரோடு சரியில்ல."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து கியரில் கை வைத்தபோதுதான் காதர் பாயின் குரல் ஞாபகம் வந்தது. உன் கண்ணுக்கு வெளி செட்டு மட்டுந்தான் தெரியும். நான் பார்த்தது வெளிப்பக்க நட்டுகளை. தளர்ந்திருந்தால் தளர்ந்திருக்க வேண்டியது உள்ளே இருப்பவை. அதைப் பார்க்க ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மழையில் அரை மணி நேரமாவது ஆகும்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேறு வண்டியைக் கைகாட்டி நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எல்லாம் டைட் என்று அறிவித்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படி வாபஸ் வாங்குவது? மெதுவாகப் போனால் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே வேலையை என் கம்பெனியில் இன்னொருவன் செய்திருந்தால் மறுநாளே அவன் வேலை போக நான்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் மலருக்கு வலி நெருக்கி நெருக்கி வந்தது. அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்து, எட்டு நிமிஷம், ஏழு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று மலர் ஒருமுறை கேட்டாள். தண்ணீரில் வேகமாகப் போனால் எஞ்சினுக்கு ஆகாது என்று பொய் சொன்னேன். தண்ணீரில் போவதற்காகவே வாங்கிய வண்டி.

திருமுல்லைவாயலில் சாலை முழுக்கத் தண்ணீர். ஓரத்துக் கால்வாயும் சாலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. பாதி தூரம் தாண்டியிருப்போம். சத்தம் திடீரென்று நின்றது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அடுத்த கணம் வண்டியின் இடது பின் மூலை தொம்மென்று கீழே உட்கார்ந்தது. மலர் கத்தினாள். வண்டி ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. எங்களுக்கு இடது பக்கமாக ஒரு பெரிய சக்கரம், அவசரமே இல்லாமல் உருண்டு, எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

"ஏங்க, அது நம்ம டயரா?" என்றாள் மலர்.

அத்தை குனிந்து பார்த்தார். "நம்மது மாதிரிதான் தெரியுது."

ஸ்பேசரும் அதோடு ஒட்டிக்கொண்டு போனது. மூன்று அங்குலம் தூக்கியிருந்ததால் சக்கரம் வெளியேற வண்டிக்கு அடியில் தாராளமாக இடம் இருந்திருக்கிறது. கொஞ்ச தூரம் உருண்டு, தலை சுற்றினது போலச் சாய்ந்து, மிதந்தபடி கால்வாய்ப் பக்கம் நகர ஆரம்பித்தது.

அப்போது நான் செய்ததற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. கதவைத் திறந்து குதித்தேன். வலியில் துடிக்கும் மனைவி எனக்குப் பின்னால் இருந்தாள். சக்கரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் முன்னால் ஓடினேன். சக்கரத்தைப் பிடித்து மாட்டினால்தானே ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்று நினைத்ததாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. கழன்ற பாகம் காணாமல் போகக் கூடாது என்று பத்து வருஷம் பழகின உடம்பு தானாக ஓடியது. முழங்கால் தண்ணீரில் ஓடுவது கனவில் ஓடுவது போல. இரண்டு தடவை கை நழுவியது. மூன்றாம் தடவை, கால்வாய் விளிம்பில் அதன் மேல் விழுந்து கட்டிப் பிடித்தேன்.

திரும்பிப் பார்த்தால், ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து தனியாக நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. தண்ணீரில் விழுந்துவிட்டாளா? கால்வாய்ப் பக்கம் பார்த்தேன். டயரைக் கட்டிக்கொண்டபடியே நின்றேன். பஸ் நிறுத்தத்தில் குடையோடு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னா அண்ணாத்தே, அந்தம்மாவ ஷேர் ஆட்டோல ஏத்தி அனுப்சாச்சு. ஆட்டோல இருந்தவங்கோ நாங்கதான். எறங்கி எடம் குட்த்தோம். நீ டயர புட்ச்சியா?"

வண்டி அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டதால் மலர் சிரமமே இல்லாமல் இறங்கினாளாம். அன்றைக்கு என் ஜீப் அவளுக்குச் செய்த ஒரே உதவி.

டயரை ஒரு டீக்கடை ஓரத்தில் போட்டேன். நனையாமல் இருக்க அத்தையிடம் கொடுத்திருந்த என் போன் அவர் பையோடு போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவர் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கி அந்தப் பஸ் நிறுத்தத்தில் அவரும்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குள் சேறும் கிரீஸுமாக நுழைந்தேன். வரவேற்பில் மலர் பேரைச் சொன்னதும் அங்கிருந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் மாடி என்றார். அங்கே நடைபாதையில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆப்பரேஷன் நடந்துகொண்டிருந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டு குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்திருக்கிறது. வந்த உடனே உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட டாக்டர் கணவரைக் கூப்பிட்டிருக்கிறார். அத்தை, குரலை உயர்த்தாமல், பதில் சொல்லியிருக்கிறார்.

"டயர் பொறுக்கப் போயிருக்காரு. நான் போடுறேன், குடுங்க."

அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. விரல்கள் மட்டும் சேலை ஓரத்தை மடித்து மடித்து, தையல் போடுவது போல நகர்ந்துகொண்டிருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நட்டுகளைப் பற்றி, பாய் சொன்னதைப் பற்றி, மேட்டில் நிறுத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சேலை ஓரத்தை நீவிவிட்டார். பிறகு, "இத மலருகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. பெண் குழந்தை. துணியில் சுற்றியிருந்தார்கள். முகம் சிவந்து, யாரோ தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட எரிச்சலோடு இருந்தாள். டாக்டர் எங்களிடம் நிதானமாகப் பேசினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். என் கையில் கிரீஸ் இருந்ததால் குழந்தையைத் தரவில்லை. கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன்.

சாயங்காலம் மலர் கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி:

"டயர் கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன். பிறகு அத்தையிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், குழந்தையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, ஜீப்பைப் பழைய உயரத்துக்கு இறக்கினால்தான் வீட்டுக்கு வருவேன் என்றாள்.

காதர் பாய் ஆள் அனுப்பி வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினார். உள்ளே இருந்த நட்டுகளில் நாலைந்து கையாலேயே சுழன்று வந்தன. அவற்றை என் உள்ளங்கையில் வைத்தார். "கொயந்த நல்லா கீதா?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்ப்ரிங்கைக் கழற்றப் போய்விட்டார்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில், தேவைப்படுகிற நேரத்தில் ஒரு ஆள் கண்ணில் படவில்லை என்றால் அவர் டயர் பொறுக்கப் போயிருக்கிறார் என்று பொருள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது தாய்மாமன் வராவிட்டால் டயர் பொறுக்கப் போய்விட்டார். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா லீவு போட்டால் அவரும் அங்கேதான் போயிருக்கிறார். மலர் இப்போதெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அதற்கு அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நான் போகும்போது பத்து நிமிஷம் தாமதம். வகுப்பு டீச்சர் மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றார். உங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன் என்றார். மார்க் விஷயமாக ஏதோ குறை சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அவர் பதிவேட்டைத் திறந்தார். அதில் என் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், டயர் வியாபாரம் என்று எழுதியிருந்தது. வருஷ ஆரம்பத்திலிருந்து அப்பா ஏன் வரவில்லை என்று எப்போது கேட்டாலும் குழந்தை ஒரே பதிலைத்தான் சொல்கிறதாம்.

பள்ளிக்கூட வேனுக்கு நாலு டயர் மாற்ற வேண்டியிருக்கிறதாம். நீங்கள் பார்த்து நல்லதாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.